கற்பவர் நிலமே களம்: ஆஸ்திரேலிய மேய்ச்சல் நில மேலாண்மையில் தொலைநிலை முதுநிலைக் கல்வி

ஆய்வுச் சுருக்கம்

செய்முறையை அடிப்படையாகக் கொண்ட துறைகளைத் தொலைநிலையில் கற்பிக்க இயலாது என்னும் கருத்து உயர்கல்வி வட்டாரங்களில் பரவலாக நிலவுகிறது. மேய்ச்சல் நில மேலாண்மை முழுக்க முழுக்கக் களம் சார்ந்த துறையாகும். எனினும் ஆஸ்திரேலியாவில் இத்துறையின் முதுநிலைப் படிப்பு தொலைநிலையில் நடத்தப்பட்டுள்ளது. இதற்கான காரணங்களை அந்நாட்டு மேய்ச்சல் நிலத்தின் வரலாறு, துறையின் கோட்பாட்டு மாற்றம், பாடத்திட்டத்தின் தேவைகள் ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. அத்தகைய கல்வியின் வரம்புகளையும், கொங்கு நாட்டுக் கொறங்காடு போன்ற மேய்ச்சல் முறைகளுக்கு அது தரும் படிப்பினையையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: மேய்ச்சல் நிலம், தொலைநிலைக் கல்வி, தாங்குதிறன், நிலை–மாற்ற மாதிரி, கொறங்காடு.

முன்னுரை

இந்தியாவில் வேளாண்மைப் பட்டப்படிப்புகளைத் தொலைநிலையில் நடத்துவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் தடை விதித்தது. ஆய்வகமும் களப்பயிற்சியும் இன்றியமையாத படிப்புகள் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும். தரமற்ற பட்டங்கள் பெருகுவதைத் தடுக்கும் நோக்கில் இம்முடிவு நியாயமானதே. ஆயினும் ‘களம் எங்கே உள்ளது?’ என்னும் வினா இங்கு எஞ்சி நிற்கிறது. வளாகத்தில் பயிலும் மாணவருக்குக் களம் என்பது பேருந்தில் சென்று ஓரிரு நாள் பார்த்துத் திரும்பும் இடம். மேய்ச்சல் நிலத்திலேயே வாழ்ந்து பணியாற்றும் ஒருவருக்கோ பல்கலைக்கழகம்தான் தொலைவில் உள்ளது. களம் அவர் வாசலில் தொடங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு பார்க்கும்போது, தொலைநிலைக் கல்வி செய்முறைக்கு எதிரானது என்னும் எண்ணம் மறுஆய்வுக்கு உரியதாகிறது.

மேய்ச்சல் நிலம்: பொருளும் பரப்பும்

இயற்கையாக முளைக்கும் புல், பூண்டு, புதர், குறுமரம் ஆகியவற்றைக் கொண்டு, உழவுக்கு உட்படாமல், கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் உணவளிக்கும் நிலப்பரப்பே மேய்ச்சல் நிலம் எனப்படுகிறது. விதைத்து, உரமிட்டு, நீர் பாய்ச்சி வளர்க்கும் தீவனப் புல்வெளி இதில் அடங்காது. மேய்ச்சல் நிலத்தை மேலாளுபவர் மழையையும் மண்ணையும் மாற்ற இயலாதவர். எத்தனை கால்நடைகளை, எந்தப் பருவத்தில், எவ்வளவு காலம், எங்கே மேயவிடுவது என்னும் முடிவுகளே அவர் கையில் உள்ள கருவிகள். தீயைப் பயன்படுத்துதல், நீர்நிலைகளை அமைக்கும் இடத்தைத் தேர்தல், வேலியிடுதல் ஆகியன துணைக்கருவிகள்.

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகையது. மிட்செல் புல்வெளிகள், மல்கா மரக்காடுகள், ஸ்பினிஃபெக்ஸ் புல் படர்ந்த மணற்பரப்புகள், உப்புப்புதர்ச் சமவெளிகள் எனப் பல வகைகள் இதில் அடங்கும். தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் பண்ணை ஒன்று மட்டுமே பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இப்பெருநிலத்தை மேலாளும் மக்கள் மிகச் சிலர். அவர்கள் பல்கலைக்கழக நகரங்களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வாழ்கின்றனர். இவர்கள் இரண்டாண்டுகள் நிலத்தை விட்டு வளாகத்தில் தங்கிப் பயில்வது நடைமுறையில் அரிது.

பட்டறிவின் விலை

மேய்ச்சல் நில அறிவு பெரும்பாலும் இழப்புகளின் வழியே ஈட்டப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் கோய்டர், 1865-ஆம் ஆண்டு வறட்சியின்போது, பயிர்த்தொழிலுக்கு ஏற்ற நிலத்தையும் மேய்ச்சலுக்கு மட்டுமே ஏற்ற நிலத்தையும் பிரிக்கும் எல்லைக்கோடு ஒன்றை வரைந்தார். நீண்டகால மழைப் பதிவேடுகள் போதுமான அளவில் இல்லாத காலம் அது. மல்லீ மரப்புதர் முடிந்து உப்புப்புதர் தொடங்கும் இடங்களைக் கண்டு, தாவரங்களையே மழையின் சான்றாகக் கொண்டார். பின்னாளில் அளந்து பார்த்தபோது அக்கோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் மழை பெறும் எல்லையை ஒட்டிச் சென்றது தெரியவந்தது.

1870-களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. கலப்பை சென்ற இடத்திற்கு மழை பின்தொடரும் என்னும் நம்பிக்கை பரவியது. 1874-இல் அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. குடியேறிகள் கோட்டைக் கடந்து கோதுமை விதைத்தனர். 1880-களின் தொடக்கத்தில் வறட்சி திரும்பியதும் பலர் நிலத்தைக் கைவிட்டு வெளியேறினர். அவர்கள் கட்டிய கல்வீடுகளின் இடிபாடுகள் இன்றும் அப்பகுதியில் காணப்படுகின்றன.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இதைவிடப் பெரிய சரிவு நேர்ந்தது. 1890-களில் தொடங்கிப் புதிய நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்த வறட்சியில் ஆட்டு மந்தைகள் பேரளவில் அழிந்தன. இதனை ஆராய 1901-இல் அரசு ஆணையம் ஒன்று செயற்பட்டது. குறைந்த மழை, முயல்களின் பெருக்கம், அளவுக்கு மீறிய மேய்ச்சல், மணற்புயல், உண்ணத்தகாத புதர்களின் பரவல், விலைவீழ்ச்சி எனப் பல காரணங்களை அது வரிசைப்படுத்தியது. இயற்கைக் காரணமும் பொருளியல் காரணமும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. மேய்ச்சல் நில மேலாண்மை தாவரவியலின் ஒரு கிளையாக மட்டும் அமையாமல், கால்நடையியல், மண்ணியல், பொருளியல், சட்டம் ஆகியவற்றை இணைக்கும் துறையாக வளர்ந்ததற்கு இத்தகைய பட்டறிவே காரணம் எனலாம்.

கோட்பாட்டு மாற்றமும் கற்பித்தலும்

இத்துறை ஐக்கிய அமெரிக்காவில் பாடத்துறையாக உருப்பெற்றது. ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916-இல் முன்வைத்த தாவர வழிமுறை வளர்ச்சிக் கோட்பாடு அதற்கு அடித்தளம் இட்டது. ஆர்தர் சாம்ப்சன் 1923-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் முதற்பாடநூலாகக் கருதப்படுகிறது. மேய்ச்சல் மிகுந்தால் தாவரச் சமுதாயம் கீழ்ப்படிக்கு இறங்கும். மேய்ச்சலைக் குறைத்தால் மீண்டும் படிப்படியாக உச்சநிலையை எட்டும் என்பதே அக்கோட்பாட்டின் சாரம். 1949-இல் டிக்ஸ்டர்ஹூயிஸ் இதனை அளவிடத்தக்க முறையாக மாற்றி, நிலத்தின் நலத்தைத் தரப்படுத்தும் வழியைத் தந்தார்.

வறண்ட நிலங்கள் இக்கோட்பாட்டிற்கு இணங்கவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனமோர் பண்ணையில், மேய்ச்சலால் சீரழிந்த ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் நிலத்தை அடிலெய்டு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் டி.ஜி.பி. ஆஸ்பர்ன் 1925-இல் வேலியிட்டுக் காத்தார். நிலையான இடங்களில் ஒளிப்படம் எடுத்தும், சதுரச் சட்டங்களுக்குள் செடிகளை எண்ணியும் அங்கு தொடர்ந்து பதிவுகள் செய்யப்பட்டு வந்துள்ளன. ஆடுகளை விலக்கியவுடன் நிலம் தானே மீளும் என்னும் எதிர்பார்ப்பு எளிதில் நிறைவேறவில்லை. சில இனங்கள் மீண்டன. நெடுநாள் வாழும் மரவகைகள் பலவற்றில் புதிய கன்றுகள் தோன்றவே இல்லை. வேலியைத் தாண்டி உட்புகுந்த முயல்கள் கன்றுகளைத் தின்று வந்ததே அதற்குப் பெரிதும் காரணம். 1970-களில் முயல்கள் கட்டுப்படுத்தப்பட்ட பின்னரே மாற்றம் தென்பட்டது. அரைநூற்றாண்டுப் பதிவு இல்லாதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிருக்காது.

1988-இல் எல்லிஸும் ஸ்விஃப்டும் கென்யாவின் துர்கானா பகுதியை ஆராய்ந்து, கடும் வறட்சிகள் மீண்டும் மீண்டும் வரும் இடங்களில் கால்நடைக்கும் தாவரத்திற்கும் இடையே நிலையான சமநிலை உருவாவதில்லை என வாதிட்டனர். ஆண்டு மழையின் மாறுபாட்டுக் கெழு ஏறத்தாழ 33 விழுக்காட்டைத் தாண்டும் இடங்கள் இத்தகையவை என்பது இவ்விவாதத்தில் வழக்கமாகச் சுட்டப்படும் எல்லையாகும். 1989-இல் வெஸ்டோபி, வாக்கர், நோய்–மெயிர் ஆகியோர் நிலை–மாற்ற மாதிரியை முன்வைத்தனர். ஒரே நிலம் பல நிலைகளில் நிலைத்திருக்கக்கூடும். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது மழை, தீ, மேய்ச்சல் ஆகியன ஒருங்கே அமையும் அரிய தருணங்களில் நிகழும். அத்தருணங்களை அடையாளம் கண்டு பயன்படுத்துவதே மேலாளரின் கடமை என்பது அவர்தம் கருத்து.

இம்மாற்றம் கற்பித்தலையும் தொடுகிறது. படிநிலைக் கோட்பாடு உண்மையாயின், ஒரு நிலத்தை ஒருமுறை கண்டு அதன் படியைக் குறித்துவிடலாம். ஒருவாரக் களப்பயணம் போதும். நிலை–மாற்ற மாதிரி உண்மையாயின், அதே நிலத்தைப் பல பருவங்களில் தொடர்ந்து காண்பவரே அதனை அறிய முடியும். அந்த வாய்ப்பு வளாக மாணவரைவிட அந்நிலத்தில் வாழும் மாணவருக்கே மிகுதி. இக்காரணத்தால் தொலைநிலைக் கல்வி இங்கு வசதிக்கான மாற்றுவழி என்பதைக் கடந்து, பாடப்பொருளோடு பொருந்திய முறையாகிறது.

தொலைவைக் கடந்த கல்வியின் மரபு

ஆஸ்திரேலியக் கல்வி தொலைவோடு பழகியது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 1911-ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலி வலையமைப்பைப் பயன்படுத்தி வான்வழிப் பள்ளி தொடங்கப்பட்டது. பண்ணைகளில் வாழ்ந்த சிறார் ஆசிரியரோடு நேரடியாகப் பேசிப் பயின்றனர். நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் 1955 முதல் புறநிலைக் கல்வியை நடத்தி வருகிறது.

இம்மரபின் தொடர்ச்சியாகவே குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் காட்டன் வளாகம் மேய்ச்சல் நில மேலாண்மையில் முதுநிலைப் படிப்புகளைத் தொலைநிலையில் வழங்கியது. 1897-இல் வேளாண் கல்லூரியாகத் தொடங்கிய காட்டன், 1990-இல் அப்பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. முதுநிலைச் சான்றிதழ், முதுநிலைப் பட்டயம், முதுநிலைப் பட்டம் என்னும் மூன்று படிகள் ஒன்றினுள் ஒன்றாக அமைவது இத்தகைய கல்வியின் பொது இயல்பு. ஆஸ்திரேலியத் தகுதிச் சட்டகத்தில் முதலிரண்டும் 8-ஆம் நிலையிலும், பட்டம் 9-ஆம் நிலையிலும் வைக்கப்பட்டுள்ளன. வறட்சியாலோ குடும்பச் சூழலாலோ இடையில் நிறுத்த நேரும் மாணவர் வெறுங்கையுடன் வெளியேற வேண்டியதில்லை என்பது இவ்வமைப்பின் பயனாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் இத்தேவை வேறுவடிவில் எழுகிறது. அந்நாட்டு நடுவண் அரசின் மேய்ச்சல் நில அலுவலர் பணிக்குப் பட்டத்தில் குறைந்தது 42 பருவ மதிப்பலகுகள் தொடர்புடைய பாடங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் 18 நேரடியாக மேய்ச்சல் நில மேலாண்மையில் அமைய வேண்டும். தாவரவியலோ விலங்கியலோ பயின்று பணியில் சேர விழைவோர் விடுபட்ட பாடங்களை நிறைவு செய்ய இணையவழிப் பாடங்கள் உதவுகின்றன.

பாடத்தின் உள்ளடக்கம்: ஒரு கணக்கு

இப்பாடத்தின் மையத்தில் நிற்பது தாங்குதிறன் கணக்காகும். எடுத்துக்காட்டாக, 450 கிலோ எடையுள்ள மாடு ஒன்று நாளொன்றுக்கு 10 கிலோ உலர்பொருள் உண்பதாகக் கொண்டால், ஆண்டுத் தேவை 3,650 கிலோ. ஓர் எக்டரில் ஆண்டுக்கு 1,500 கிலோ புல் வளர்கிறது எனவும், மண்ணையும் புல்லின் வேரையும் காக்க அதில் 25 விழுக்காடு மட்டுமே மேயலாம் எனவும் கொண்டால், கிடைப்பது 375 கிலோ. எனவே 1,000 எக்டர் நிலம் ஏறத்தாழ 103 மாடுகளைத் தாங்கும். மறு ஆண்டு மழை பொய்த்துப் புல் வளர்ச்சி 600 கிலோவாகக் குறைந்தால், அதே நிலம் 41 மாடுகளையே தாங்கும்.

கணக்கு எளிது, முடிவு கடினம். மீதமுள்ள 62 மாடுகளை எப்போது விற்பது? சுற்றுவட்டாரம் முழுவதும் வறட்சி எனில் சந்தை விலையும் சரிந்திருக்கும். மழை வரும் எனக் காத்திருந்தால் மாடுகள் மெலியும், நிலமும் சீரழியும். குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் அருகே 1997-இல் தொடங்கப்பட்ட வாம்பியானா மேய்ச்சல் ஆய்வு இவ்வினாவை நீண்டகால அளவில் சோதித்தது. ஒரு மாட்டுக்கு 4 எக்டர் என்னும் மிகை அடர்த்தியும், 8 எக்டர் என்னும் மிதமான அடர்த்தியும் ஒப்பிடப்பட்டன. நல்ல மழை ஆண்டுகளில் மிகை அடர்த்தி நிலம் கூடுதல் இறைச்சி தந்தது. வறட்சி ஆண்டுகளில் அந்நிலத்திற்குத் தீவனம் வாங்க நேர்ந்தது. புல்லினங்களின் நலமும் குன்றியது. நீண்டகால நோக்கில் மிதமான அடர்த்தியே மிகுந்த வருவாய் தந்தது. நிலத்தைக் காப்பதும் பொருளீட்டுவதும் முரண்பட்டவை என்னும் எண்ணம் இதனால் தளர்ந்தது.

தொலைநிலை மாணவர் இக்கணக்கைத் தம் நிலத்தில் செய்கிறார். சதுரச் சட்டத்தினுள் உள்ள புல்லை அறுத்து, உலர்த்தி, நிறுத்து, கண்ணால் மதிப்பிட்ட அளவோடு ஒப்பிடுகிறார். நிலையான இடத்தில் ஆண்டுதோறும் ஒளிப்படம் எடுக்கிறார். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து தரைமூடல் மாற்றத்தைக் காட்டும் வெஜ்மெஷின் போன்ற இணையக் கருவிகளால் தம் பண்ணையின் பல்லாண்டு வரலாற்றைக் காண்கிறார். செயற்கைக்கோள் தரைமூடலின் அளவைக் காட்டுமே ஒழிய, அது விரும்பத்தக்க பல்லாண்டுப் புல்லா, பயனற்ற களையா என்பதை உறுதிப்படுத்த நிலத்தில் நடந்து காண்பவர் தேவை.

வரம்புகள்

இக்கல்வி முறைக்கு நான்கு வரம்புகள் உள்ளன. முதலாவது, கண்ணின் பயிற்சி. நாள்தோறும் காணும் நிலத்தின் மெல்லிய சீரழிவு அங்கு வாழ்பவருக்கே புலப்படாமல் போவதுண்டு. வேறுபட்ட நிலங்களை அனுபவமிக்க ஆசிரியரோடு நடந்து பார்க்கும் குறுங்கால நேர்முகப் பயிற்சி இதனால் தவிர்க்க இயலாதது. புல்லினங்களை அடையாளம் காணும் திறனும் கையில் செடியை ஏந்திப் பழகுவோர்க்கே வாய்க்கும்.

இரண்டாவது, பருவ முரண். வட ஆஸ்திரேலியாவின் மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கல்விப் பருவமோ பிப்ரவரி இறுதியில் தொடங்குவது வழக்கம். புல் முளைத்துத் தழைக்கும் முதன்மையான வாரங்கள் விடுமுறையில் கழிகின்றன. கல்வி நாட்காட்டியை மழையின் நாட்காட்டிக்கு ஏற்ப நெகிழ்த்தாவிடில், களம் அருகில் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, நடுநிலை. ஒரு நிலத்தின் நலம் குன்றியது என்னும் ஆய்வுரை அதன் விலையையும் குத்தகையையும் கடன்தகுதியையும் பாதிக்கக்கூடும். தம் நிலத்தையோ தம் முதலாளியின் நிலத்தையோ ஆராயும் மாணவர் இக்கட்டான நிலையில் நிற்கிறார். தரவுகளின் மறைகாப்புக்கான விதிகள் வளாகப் படிப்பைவிட இங்கு மிகுதியாகத் தேவை.

நான்காவது, எண்ணிக்கை. நிலம் பெரிது, மக்கள் சிலர், எனவே மாணவர் தொகையும் சிறிது. சேர்க்கை எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்ளும் நிதியமைப்பில் இத்தகைய படிப்பு எளிதில் கைவிடப்படும். ஒரு மாணவர் கற்றதன் விளைவு ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் வெளிப்படும் என்பதை அவ்வளவுகோல் காட்டுவதில்லை.

தமிழகத்தோடு உள்ள தொடர்பு

ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலத்திற்கும் தமிழகத்திற்கும் தாவரங்களின் வழியே நேரடித் தொடர்பு உண்டு. கொங்கு நாட்டுக் கொறங்காட்டின் முதன்மைப் புல்லான கொழுக்கட்டைப்புல், ஆஸ்திரேலியாவில் ‘பஃபெல்’ என அறியப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டகங்களோடு வந்த சேணங்களின் திணிப்பில் அதன் விதை அக்கண்டத்தை அடைந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர் தீவனத்திற்காக வேண்டுமென்றே விதைக்கப்பட்டது. குயின்ஸ்லாந்தில் அது இன்றும் மாட்டுப் பண்ணைகளின் ஆதாரம். நடு ஆஸ்திரேலியாவிலோ அது உள்நாட்டுத் தாவரங்களை நெருக்கித் தீயின் கடுமையைப் பெருக்குகிறது. தெற்கு ஆஸ்திரேலியா 2015-இல் அதனைக் களையாக அறிவித்தது.

கருவேல மரமும் அவ்வாறே. நிழலுக்கும் தீவனத்திற்கும் எனக் குயின்ஸ்லாந்தில் நடப்பட்ட இம்மரம் மிட்செல் புல்வெளிகளை முள்காடாக மாற்றியது. நெற்றைத் தின்ற மாடுகளின் சாணத்தின் வழியே விதை பரவியது. இதனைக் கட்டுப்படுத்தும் பூச்சிகளைத் தேடிக் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனத்துடன் இணைந்து தென்னிந்தியாவில் ஆய்வு மேற்கொண்டனர். ஓரிடத்தின் செல்வம் மற்றோரிடத்தின் களையாவது இத்துறையில் ‘நல்ல தாவரம்’, ‘தீய தாவரம்’ எனப் பொதுவில் எதுவும் இல்லை என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது.

கொறங்காடு, கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும் சேர்ந்த தனியார் மேய்ச்சல் முறை. காங்கயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் இதனை நம்பி வாழ்பவை. நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கும் நுட்பம் இம்முறையில் நெடுங்காலமாக உள்ளது. எத்தனை மழைக்கு எத்தனை உருப்படி என்னும் கணக்கு உழவர் நினைவில் இருக்கிறது. எழுத்தில் இருப்பது குறைவு. ஜான்சியில் 1962-இல் நிறுவப்பட்ட இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனமும், 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இத்துறைக்கு நிறுவன அடித்தளம் தருகின்றன. நிலத்தை விட்டு வர இயலாதோருக்கு, அந்நிலத்தையே ஆய்வுக்களமாக ஏற்கும் முதுநிலைக் கல்வி இன்னும் எண்ணிப் பார்க்கப்பட வேண்டியதாகவே உள்ளது.

முடிவுரை

ஆஸ்திரேலியாவின் பட்டறிவு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவதாக, மேய்ச்சல் நிலத்தை அறிய நெடுங்காலத் தொடர் கவனிப்பு தேவை என்பதால், அந்நிலத்தில் வாழும் மாணவரே இத்துறைக்கு உரிய மாணவர். இரண்டாவதாக, தொலைநிலைக் கல்வி தனித்து நிற்க இயலாது. நேர்முகக் களப்பயிற்சியும் மழையோடு இசைந்த கல்வி நாட்காட்டியும் தரவுக் காப்பு விதிகளும் சேர்ந்தால்தான் அது தரமுடையதாகும். மூன்றாவதாக, களப்பயிற்சி தேவைப்படும் படிப்பு என்பதனாலேயே ஒரு துறையைத் தொலைநிலைக்கு ஒவ்வாதது எனக் கொள்வது, களத்தில் உள்ளவரைக் கல்விக்கு வெளியே நிறுத்துவதாக முடியும். தடை விதிக்கும் முன் ஒவ்வொரு துறையிலும் மாணவர் எங்கே இருக்கிறார், களம் எங்கே இருக்கிறது என்னும் இரு வினாக்களையும் தனித்தனியே கேட்டு அறிதல் வேண்டும். கோய்டரின் கோடு நிலத்தை நேரில் கண்டவரின் அறிவிலிருந்து பிறந்தது. அதைத் தாண்டச் செய்த முடிவு நில அனுபவத்தை மதியாத நம்பிக்கையிலிருந்து பிறந்தது. மேய்ச்சல் நிலக் கல்வியைத் திட்டமிடுவோர் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவாகும்.